தெரிந்தவர்களிடம் கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள்: வேலூர் வட்டாரச் சிறுதொழில்களுக்கு ஒரு வழிகாட்டி

சத்துமாவு, ஊறுகாய், தோல் செருப்பு, கைத்தறி லுங்கி, லாட்ஜுக்குக் கீழே ஒரு மெஸ் என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் கருத்துக் கேட்கிறார்கள். ஒன்று வீட்டில், இன்னொன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். இரண்டிலும் வரும் பதில் "சூப்பர்". அதை நம்பி ஆயிரம் கவர் அச்சடித்துக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல எம்.ஆர்.பி. எங்கம்மா?" என்று கேட்பார்.

பெரிய கம்பெனியில் சரக்கு வெளியே போகும் முன் அதைப் பார்ப்பதற்குத் தரம் பார்ப்பவர், பேக்கிங் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், விற்பனை தெரிந்தவர் என்று சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். இரண்டு பேர் நடத்தும் தொழிலில் அதற்கு வழியில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊரிலேயே பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. மாவு மில்லில் இருக்கிறது, மளிகைக் கடை கல்லாவில் இருக்கிறது, தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மேஸ்திரியிடம் இருக்கிறது. அதைப் பலரிடமிருந்தும் திரட்டிக்கொள்வதைத்தான் க்ரவுட்சோர்சிங் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் பெரிய கூட்டம் வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். விஷயம் தெரிந்த பத்துப் பதினைந்து பேர் போதும். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழக் கூடாது, ஆளுக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது.

காது விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு கால்நடைக் கண்காட்சியில், ஒரு காளையை வெட்டிச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை வரும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் அந்தச் சீட்டுகளை வாங்கிக் கணக்குப் பார்த்து, 1907-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். படிக்க முடிந்த சீட்டுகள் 787. அவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்த எண் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198 பவுண்டு. நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை. இது எப்படி நடந்தது என்று பார்த்தால், சீட்டுக்கு ஆறு பென்ஸ் கட்டணம் இருந்ததால் விளையாட்டுக்கு எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். எழுதியவர்களில் கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் சீட்டில் தான் நினைத்ததை எழுதினார். அதே ஆட்களை ஒரு மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால், சத்தமாகப் பேசிய முதல் ஆளின் எண்தான் எல்லோருடைய எண்ணாகவும் ஆகியிருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதும் அதுதான். முதல் ஆள் "விலை ஜாஸ்தி" என்று போட்டுவிட்டால் அடுத்த இருபது பேரும் விலையைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். கவரின் அடியில் ஓட்டை இருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி செய்முறை. ஒரு உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். காட்பாடியில் ஒரு அக்கா கேழ்வரகு, கோதுமை, நிலக்கடலை, பொட்டுக்கடலை, ஏலக்காய் சேர்த்துச் சத்துமாவு செய்து விற்கப் போகிறார்.

முதல் படி: எந்த முடிவுக்காகக் கேட்கிறீர்கள்?

"என் மாவு எப்படி இருக்கு?" என்று கேட்டால் பதில் சொல்கிறவருக்கு உங்கள் முகம்தான் தெரியும், மாவு தெரியாது. நீங்கள் அடுத்த ஒரு மாதத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். கால் கிலோ பாக்கெட்டா, அரை கிலோவா? பிளாஸ்டிக் டப்பாவா, ஜிப் வைத்த கவரா? ஏலக்காய் வேண்டுமா, விட்டுவிடலாமா? லேபிளில் என்னென்ன போட வேண்டும்? கடைக்காரருக்கு எவ்வளவு கமிஷன்? எதற்கு எந்தப் பதில் வந்தாலும் நீங்கள் செய்யப் போவது மாறாதோ, அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். கம்பெனிப் பெயர் நன்றாக இருக்கிறதா என்பது அப்படிப்பட்ட கேள்வி, பெயரை நீங்கள் ஏற்கெனவே குலதெய்வத்தின் பெயராக முடிவு செய்திருந்தால்.

இரண்டாவது படி: யாருக்குத் தெரியும்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். படித்தவர்தான் நிபுணர் என்று நினைத்துக்கொண்டு நேராகக் கல்லூரிப் பேராசிரியரிடம் போவார்கள். பேராசிரியரிடம் போகலாம், தவறில்லை. அதற்கு முன், இந்த விஷயத்தில் தப்பு நடந்தால் யாருக்குக் கைநஷ்டம் ஆகிறது என்று யோசியுங்கள். அந்த ஆள்தான் அந்தக் கேள்விக்கு நிபுணர். புழு வைத்த மாவைத் திருப்பி வாங்குகிறவர் மளிகைக் கடைக்காரர். அலமாரியில் எந்தக் கவர் நிற்கும், எது சாயும், எதை எலி முதலில் கடிக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். லாங் பஜாரில் மொத்தக் கடை வைத்திருப்பவருக்கு எந்த மாதம் எந்தச் சரக்கு தேங்கும் என்று தெரியும். சத்துமாவைக் குழந்தை துப்பினால் சிரமப்படுவது அம்மா, அதைவிட அதிகமாகப் பார்த்திருப்பவர் அங்கன்வாடி டீச்சர்.

மருத்துவமனையைச் சுற்றி மெஸ் வைக்கப் போகிறவர்களுக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அந்தத் தெருக்களில் கடைப் பலகைகளே வங்காளத்தில் இருக்கின்றன. அங்கே என்ன சமைக்கலாம் என்பதற்கு ஓட்டல் படிப்பு படித்தவரைவிட, நோயாளியுடன் மூன்று வாரமாக லாட்ஜில் தங்கியிருப்பவர்தான் நிபுணர். "எங்கள் சாப்பாடு பிடிக்கிறதா?" என்று அவரிடம் கேட்க வேண்டாம். "வந்ததிலிருந்து எந்த வேளைச் சாப்பாட்டுக்கு ரொம்பத் திண்டாடினீர்கள்?" என்று கேளுங்கள். ஆபரேஷன் முடிந்தவருக்கு ராத்திரி எட்டு மணிக்குக் காரமில்லாமல் குழைந்த சாதம் எங்கே தேடினார்கள் என்ற கதை வெளியே வரும். உங்கள் மெனு அந்தக் கதையில் இருக்கிறது. மொழி தெரியாவிட்டால் லாட்ஜ் மேனேஜர் உதவுவார், அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

செருப்புத் தொழில் என்றால் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முழுக்க இந்த வேலை தெரிந்த கைகள். கட்டிங் மாஸ்டர் வேறு, ஸ்டிச்சிங் வேறு, மேல்தோலை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங் வேறு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கண். உங்கள் மாதிரிச் செருப்பை ஒரு கட்டிங் மாஸ்டர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் டிசைனைப் பார்க்க மாட்டார். வாரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். தோல், மாட்டின் முதுகெலும்பு போகும் திசையில் குறைவாக நீளும், குறுக்கே அதிகம் நீளும். வாரைக் குறுக்கே வெட்டியிருந்தால் இரண்டே மாதத்தில் தளர்ந்துபோகும். "பாய், இந்த வார் தாங்குமா?" என்ற ஒரு கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும். அதற்கு மேல் தோலின் ரசாயனம் பற்றிச் சந்தேகம் வந்தால் சென்னை அடையாறில், 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குடியாத்தம் லுங்கிக்குச் சாயம் போகிறது என்றால் சாயப்பட்டறைக்காரர், கைத்தறி முதலாளி, ஜவுளிக் கடைக்காரர் மூவரையும் தனித்தனியாகப் பாருங்கள். மூவரும் மூன்று காரணம் சொல்வார்கள். வெல்டிங், ஃபேப்ரிகேஷன் தொழிலுக்கு ராணிப்பேட்டை பி.எச்.இ.எல்.லில் தர ஆய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைத் தேடலாம்.

அரசு, கல்வி நிலையங்களில் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம், மாவட்டத் தொழில் மையம், வி.ஐ.டி.யின் தொழில் வளர் மையம், உணவுக்கு மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூரின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். இவர்களிடம் போகும்போது கேள்வி எழுத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது படி: எத்தனை பேர்?

ஒரு வகைக்கு நான்கைந்து பேர். வலைத்தளங்களைச் சோதிப்பது பற்றி ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியதில், ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்றார். அது இணையத்துக்குச் சொன்னது. ஆனால் ஆறாவது கடைக்காரரிடம் போகும்போது ஏற்கெனவே காதில் விழுந்த பதிலே மறுபடி விழுகிறது என்பதை நீங்களே உணர்வீர்கள். புதிதாக ஒன்றும் வராதபோது அந்த வகையை முடித்துக்கொண்டு அடுத்த வகைக்குப் போங்கள். ருசி மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு ஆள் அதிகம் வேண்டும், முப்பதுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

நான்காவது படி: கையில் கொடுங்கள்

வாயால் விளக்கிக் கருத்துக் கேட்காதீர்கள். பொருள் கையில் இருக்க வேண்டும். சத்துமாவு என்றால் விற்கப் போகும் அதே கவரில், அதே லேபிளோடு. லேபிள் இன்னும் அச்சாகவில்லை என்றால் வெள்ளைத் தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள்.

ருசி பார்க்கக் கொடுக்கும்போது இரண்டு மூன்று கலவை இருந்தால் ஏ, பி, சி என்று எழுத வேண்டாம், 1, 2, 3 என்றும் வேண்டாம். முதல் எழுத்துதான் உசத்தி என்று மனசு தானாக நினைத்துக்கொள்ளும். 472, 815, 639 மாதிரி அர்த்தமில்லாத மூன்று இலக்க எண் போடுங்கள், உணவு ஆய்வகங்களில் செய்வது அப்படித்தான். ஒருவருக்கு 472-ஐ முதலில் கொடுத்தால் அடுத்தவருக்கு 815-ஐ முதலில் கொடுங்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர். மாவை எல்லோருக்கும் ஒரே அளவு தண்ணீரில், ஒரே நேரம் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். ஒன்று கெட்டி, ஒன்று தண்ணி என்றால் நீங்கள் கேட்பது மாவைப் பற்றிய கருத்தாக இருக்காது.

நேரம் கேட்கும்போது மரியாதையாகவும் சுருக்கமாகவும் கேளுங்கள். இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் ஐயா. நான் காட்பாடியில் வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்க ஆரம்பிக்கிறேன். நீங்கள் பல வருடமாக மாவுப் பாக்கெட் விற்கிறவர் என்பதால் உங்களிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்: இந்தக் கவரில் அரை கிலோ போட்டால் உங்கள் அலமாரியில் நிற்குமா? பத்து நிமிடம் போதும். மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கவரோடு வரலாமா?"

யார், ஏன் அவரிடம், என்ன கேள்வி, எவ்வளவு நேரம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. "உங்கள் மேலான ஆலோசனை தேவை" என்று மட்டும் அனுப்பினால் பதில் வராது.

ஐந்தாவது படி: போய்ப் பேசாமல் இருங்கள்

கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது புதியவர்களுக்கு மிகக் கஷ்டம். குறை சொன்ன உடனே "இல்லீங்க, அது எதுக்குன்னா" என்று ஆரம்பித்துவிடுவோம். அந்த நொடியில் எதிரே இருப்பவர் மரியாதைக்காக நிறுத்திக்கொள்வார், அவருக்குத் தெரிந்த அடுத்த விஷயம் உங்களுக்குக் கிடைக்காது.

மாவு மில்லில் இப்படி நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்காரர் பாக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். "இன்னாம்மா, சூடு ஆறாம கட்டிட்டியா?" என்கிறார். கவரின் உள்பக்கம் மெல்லிசாக வேர்த்திருக்கிறது. மெஷினிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும், அதை அப்படியே அடைத்தால் உள்ளே ஈரம் படியும், கட்டி விழும், அப்புறம் பூஞ்சை. "வெள்ளைத் துணி விரிச்சு, காத்தாடிக்குக் கீழ நல்லா ஆற வை. வறுத்த கடலைய கடைசியில தனியா அரைச்சுச் சேரு, இல்லேன்னா எண்ண வுட்டு சிக்கு வாசன வந்துடும்." இதைப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்கும்தான், ஆனால் எதைத் தேட வேண்டும் என்றே நமக்குத் தெரிந்திருக்காது. அவர் சொன்ன வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதுங்கள். "ஈரப்பதப் பிரச்சினை" என்று நீங்கள் மாற்றி எழுதினால் துணியும் காத்தாடியும் காணாமல் போய்விடும்.

பேக்கிங் கவர் விற்கிறவரிடம் சீலிங் காட்டிக் கேட்டால், ஒட்டும் இடத்தில் மாவுத் தூள் படிந்திருந்தால் ஒட்டு நிற்காது என்பார். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: ஒட்டிய பாக்கெட்டைப் பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பிடியுங்கள், குமிழி வந்தால் ஓட்டை. இனி புனல் வைத்துக் கொட்டுங்கள், ஒட்டும் முன் வாயோரத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஆறாவது படி: இரண்டாவது சுற்று

பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு இடத்திலாவது முரண்பாடு வரும். ஒரு கடைக்காரர் கால் கிலோதான் போகும் என்பார், இன்னொருவர் அரை கிலோ. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1950-களில் உருவாக்கிய டெல்ஃபி என்ற முறை இதற்கு உதவும். பெயர் சொல்லாமல், ஒருவருடைய காரணத்தை மற்றவரிடம் கொண்டுபோங்கள்: "சிலர் கால் கிலோதான் போகும் என்கிறார்கள், முதல் தடவை வாங்குகிறவர் பெரிய பாக்கெட் எடுக்க மாட்டார் என்று காரணம் சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" யார் சொன்னது என்று தெரியாததால் அவர் ஆளைப் பார்க்காமல் காரணத்தைப் பார்த்துப் பேசுவார். மனம் மாறினாலும் மாறலாம், "என் கடைக்கு வருகிறவர்கள் மாசச் சாமான் வாங்குகிறவர்கள்" என்று புதுத் தகவல் சொன்னாலும் சொல்லலாம். அப்போது இரண்டு அளவும் தேவை, கடையைப் பொறுத்து என்று உங்களுக்குப் புரியும்.

ஏழாவது படி: எதை எண்ணுவது, எதை எண்ணக் கூடாது

வந்த கருத்துகளை மூன்றாகப் பிரியுங்கள்.

சட்டம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதை எண்ணிப் பார்க்காதீர்கள். பதினைந்து பேரில் ஒருவர் சொன்னாலும் போய்ச் சரிபார்க்க வேண்டும். லேபிளில் நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் பெயர், முகவரி, புகார் சொல்லத் தொடர்பு ஆகியவை 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி வேண்டும். உணவு என்பதால், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண், சேர்மானப் பட்டியல், சைவக் குறி வேண்டும். கோதுமையும் நிலக்கடலையும் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும், நம் அக்காவின் மாவில் இரண்டுமே இருக்கின்றன. "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதச் சொல்லிப் பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். எழுதவே கூடாது. அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதைவிட, நம் மாவை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ருசி, நிறம், விலை போன்றவற்றை எண்ணலாம். அங்கே பெரும்பான்மைக்கு மதிப்புண்டு.

தொழில்நுட்பக் கருத்துகளைச் சின்ன அளவில் செய்து பாருங்கள். கவர் மூன்று மாதம் தாங்குமா என்பதற்கு ஐந்து பேர் ஐந்து பதில் சொன்னால், ஒவ்வொரு வகைக் கவரிலும் பதின்மூன்று பாக்கெட்டைக் கட்டி ஜன்னலோரம் வையுங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது, வாரம் ஒவ்வொரு வகையிலும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தால் எந்தக் கவர் நல்லது என்று தெரிந்துவிடும். ஆனால் லேபிளில் "இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும்" என்று போடுவதற்கு முன், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். மூக்கால் கண்டுபிடிக்க முடியாத கிருமிகள் உண்டு.

எதைச் சொல்லக் கூடாது

கருத்துக் கேட்க முழு ரகசியத்தையும் திறந்து காட்ட வேண்டியதில்லை. மில்காரருக்கு உங்கள் சேர்மான விகிதம் தேவையில்லை, கடலை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். புதுச் செருப்பு டிசைனாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, விண்ணப்பிக்கும் முன்பே வெளியிட்டுவிட்ட டிசைனைப் பதிய முடியாது. ஆகவே ஸ்டேட்டஸில் போட்டோ போடுவதற்கு முன் விண்ணப்பம் போகட்டும். புதிதாக ஒரு கருவி கண்டுபிடித்திருந்தால் காப்புரிமைக்கும் இதே எச்சரிக்கைதான். பிராண்டு பெயரைப் பலரிடம் சொல்லும் முன் டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. சிறுதொழிலுக்கும் தனிநபருக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய் கட்டணம்.

கடைசியாக: கொடுக்கல் வாங்கல்

அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அல்லது அந்த ஆளுக்கு அது பிழைப்பு என்றால், பணம் கொடுங்கள். "சும்மா ஒரு சந்தேகம்தானே" என்று ஆடிட்டரையும் வக்கீலையும் உணவியல் நிபுணரையும் கல்யாண வீட்டில் மடக்கிக் கேட்காதீர்கள். ஓய்வு பெற்ற மேஸ்திரி பணம் வேண்டாம் என்பார், அவருக்கு ஆட்டோ செலவாவது நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும். கடைக்காரருக்கு முதல் சரக்கில் ஒரு பாக்கெட்.

பிறகு, திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. "நீங்கள் சொன்ன மாதிரி ஆற வைத்துக் கட்டினேன், இப்போது கட்டி விழவில்லை" என்று மில்காரரிடம் பாக்கெட்டைக் காட்டுங்கள். அவர் சொன்னதை நீங்கள் ஏற்காவிட்டாலும், ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து லட்டு மாவோ கஞ்சிப் பொடியோ தொடங்கும்போது அதே ஆட்கள் வேண்டும். நோட்டில் அவர்கள் பெயர், எதில் கெட்டிக்காரர், எந்த நேரத்தில் பார்க்கலாம், அவர் சொன்னதில் எது சரியாக வந்தது என்று நான்கு பத்தி போட்டு எழுதி வையுங்கள். நான்காவது பத்தி நிரம்ப நிரம்ப, எந்தக் கேள்விக்கு யாரிடம் முதலில் போவது என்பது உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.